நின்னு போன வண்டிக்கு ஒன்றரை லட்சம்: இது முதலீடா, ஆசையா?



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். 26 வயசு. மறைமலைநகர்ல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 32,000. வந்ததும் வராததுமா மொபைலை நீட்டினான்.

"அக்கா, 1994 மாடல் ஆர்எக்ஸ் 100. ஒரிஜினல் பெயின்ட். 1,40,000 சொல்றாங்க. இந்த வண்டி இனிமே வரவே வராது. விலை ஏறிட்டேதான் போகும். வண்டியும் ஆச்சு, இன்வெஸ்ட்மென்ட்டும் ஆச்சு."

"வேலைக்குப் போக வண்டி இருக்கே?"

"அது டெய்லிக்கு. இது ஞாயித்துக்கிழமைக்கு."

"பணம்?"

"எஃப்.டி.ல 1,60,000 இருக்கில்ல."

அந்த எஃப்.டி. அவனோட அவசரகால நிதி. மூணு வருஷமா நான் பின்னாடியே நின்னு சேர்க்க வெச்சது. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா உடனே "வேணாம்"னு சொல்லல. ஏன்னா எங்க சித்தப்பாகிட்ட ஒரு ஆர்எக்ஸ் 100 இருந்தது. இவனை ஸ்கூல்ல சேர்த்த வருஷம் ஃபீஸ் கட்ட அதை வித்தார். டேங்க் மேல உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போனதை இவன் இன்னும் சொல்வான். ஆசை நியாயமானது. "இன்வெஸ்ட்மென்ட்" என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்துச்சு. அதனால ரெண்டு பேரும் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

உற்பத்தி நின்னா விலை ஏறுமா?

இதுக்குப் பதில் தேட நாங்க வெளியூர் போக வேண்டியதில்லை. 1999ல ஃபோர்டு ஐகான் வெளிவந்தது எங்க ஊர் ஆலையிலிருந்துதான். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு ஃபோர்டு அறிவிச்சது. மறைமலைநகர் ஆலையில கடைசி கார், ஒரு ஈகோஸ்போர்ட், 2022 ஜூலையில வெளியே வந்தது.

அப்போ ஈகோஸ்போர்ட்டும் "இனிமே வராத வண்டி"தானே? யாராவது அதுக்குக் கூடுதல் விலை கொடுத்தாங்களா? சர்வீசும் பார்ட்ஸும் தொடர்ந்து கிடைக்கும்னு கம்பெனி சொல்லியும், வாங்க வர்றவங்க முதல்ல கேட்டது "பார்ட்ஸ் கிடைக்குமா?"ன்னுதான். கூட்டிக் கேட்க இல்ல, குறைச்சுக் கேட்கத்தான் அது காரணமா ஆச்சு.

ஆர்எக்ஸ் 100 கதை வேற. 1985ல எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து கொண்டு வந்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். 1996ல புகை விதிகள் இறுகினப்போ உற்பத்தி நின்னது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகியும் நல்ல நிலைமையில இருக்கற வண்டிக்கு லட்சத்துக்கு மேல கேட்கறாங்க.

ரெண்டும் நின்னு போன வண்டிதான். அப்போ "நின்னு போச்சு" என்பது மட்டும் விலையை ஏத்தறதில்லை. மூணு விஷயம் சேரணும்:

1. பொருள் குறைஞ்சுக்கிட்டே வரணும்.
2. அதைத் தேடறவங்க குறையாம இருக்கணும்.
3. அதைத் தொடர்ந்து பயன்படுத்த வழி இருக்கணும். பார்ட்ஸ், மெக்கானிக், சட்ட அனுமதி எல்லாம் இதுல அடங்கும்.

முதலாவது மட்டும் இருந்தா அது பழைய பொருள், அவ்வளவுதான்.

திரும்பி வந்துட்டா என்ன ஆகும்?

"இனிமே வரவே வராது"ன்னு விக்கறவர் சொன்னா, "ஏன் நிறுத்தினாங்க?"ன்னு கேளுங்க. சட்டம் தடுத்து நின்னதா, ஓடாம நின்னதா, இல்ல கம்பெனிக்கு வேற திட்டம் இருந்து நின்னதா? மூணாவது வகை திரும்பி வரலாம்.

நின்ன பேர் திரும்பி வந்ததுக்கு ஜாவா நல்ல உதாரணம். மைசூர்ல ஐடியல் ஜாவா ஆலை 1996ல மூடினாங்க. 2018ல அதே பேர் புது இன்ஜினோட ஷோரூமுக்குத் திரும்பி வந்துச்சு. 2022ல யெஸ்டியும் வந்தது. பழைய டூ ஸ்ட்ரோக்கை விரும்பறவருக்கு இது ஈடாகாதுதான். ஆனா "பேரும் தோற்றமும் போதும்"னு இருந்தவருக்கு வாரன்ட்டியோட ஒரு மாற்று வந்துடுச்சு.

வெளிநாட்டுல பைப்புல வெச்சுப் புகைக்கற புகையிலைக்குக்கூட இப்படி ஒரு சந்தை இருக்கு. (புகைக்கச் சொல்லி இதை எழுதலை, விலைப் பாடத்துக்காக மட்டும்.) 2018ல டன்ஹில் பைப் புகையிலை நின்னது. இருக்கற டின்னைப் பதுக்கினவங்க, கூடுதல் விலை கொடுத்து வாங்கினவங்க நிறைய. அடுத்த வருஷமே அதே கலவைகள் பீட்டர்சன் என்ற பேர்ல கடைக்கு வந்துடுச்சு. அதே 2018ல அமெரிக்காவுல மெக்லெலண்ட் கம்பெனியும் மூடினாங்க. அந்தப் பழைய டின்களைத் தேடறவங்க இன்னமும் இருக்காங்க. வாங்கற அன்னிக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

இதுல இன்னொன்னையும் கவனிங்க. புகையிலை, பெர்ஃப்யூம் மாதிரிப் பொருளை அனுபவிக்கணும்னா திறக்கணும். திறந்தா மறுவிலை போச்சு. திறக்காம வெச்சா விலை இருக்கும், அனுபவம் இல்ல. வண்டியில இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு, ஆனா இல்லாம இல்ல. ஓட்டினா தேயும், ஓட்டாம நிறுத்தினா துரு பிடிக்கும்.

பேப்பர்ல போட்ட கணக்கு

தம்பிகிட்ட சொன்னேன்: "சரி, இது முதலீடுன்னே வெச்சுக்குவோம். அப்போ எஃப்.டி.யோட போட்டி போடணும்."

- வண்டி விலை 1,40,000. இதே பணம் 7% வட்டியில அஞ்சு வருஷம் இருந்தா சுமார் 1,96,000.
- ஆயில், பார்ட்ஸ், இன்சூரன்ஸ், ஆர்.சி. புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 10,000 வெச்சோம். இது எங்க அனுமானம், உங்க வண்டிக்கு மாறும். இந்தப் பணமும் எஃப்.டி.க்குப் போயிருந்தா அஞ்சு வருஷத்துல சுமார் 57,500.
- மொத்தம் சுமார் 2,54,000.

அதாவது, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த வண்டி இரண்டரை லட்சத்துக்கு மேல வித்தாத்தான் சாதாரண எஃப்.டி.யோட சமம். விலை வருஷா வருஷம் கிட்டத்தட்ட 12.6% ஏறணும். அதுவும் ஓ.எல்.எக்ஸ்.ல போடற விலை இல்ல, கைக்கு வர்ற விலை. விளம்பரத்துல ரெண்டு லட்சம்னு பார்க்கறோம். அது எத்தனை மாசமா அங்கேயே கிடக்கு, கடைசியில எவ்வளவுக்குப் போச்சுன்னு நமக்குத் தெரியறதில்லை.

"எஃப்.டி.யை உடைக்க வேணாம்னா பர்சனல் லோன் போடட்டுமா?"ன்னு கேட்டான். 1,20,000 ரூபாய், 14%, மூணு வருஷம்னு வெச்சா இ.எம்.ஐ. சுமார் 4,100. வட்டி மட்டும் 27,600க்கு மேல. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு மாசா மாசம் சம்பளத்துல எட்டுல ஒரு பங்கு. வேணாம்னு அவனே சொல்லிட்டான்.

விலையில சேராத செலவுகள்

*ஆர்.சி.:* 15 வருஷம் தாண்டின வண்டிக்குத் தகுதிச் சோதனை பண்ணி, அஞ்சு அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 2,000 ரூபாயா உயர்த்தினாங்க. பசுமை வரி தனி.

*"வின்டேஜ்" என்ற பேச்சு:* 2021ல வந்த மத்திய விதிப்படி வின்டேஜ் வண்டின்னா குறைஞ்சது 50 வயசு ஆகியிருக்கணும். முதல் ஆர்எக்ஸ் 100க்கே அந்த வயசு 2035லதான் வரும். 1994 மாடலுக்கு 2044. அதனால "வின்டேஜ் சார், விலை அப்படித்தான்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க.

*இன்சூரன்ஸ்:* பலரும் கவனிக்காத இடம் இது. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். 30 வயசு வண்டிக்குப் பெரும்பாலும் தேர்டு பார்ட்டி பாலிசியோட நிறுத்திக்கறாங்க. வண்டி திருடு போனா அதுல உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. நீங்க கொடுத்த 1,40,000 உங்க மனசுல மட்டும்தான் இருக்கும்.

*சட்டம் மாறலாம்:* 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிகளுக்கு டெல்லி பகுதியில தடை உத்தரவு வந்ததைப் பார்த்தோம். நம்ம ஊர்ல சொந்த வண்டிக்கு அப்படித் தடை இல்லை. ஆனா புகை விதியால நின்ன வண்டியோட எதிர்காலமும் புகை விதி கையிலதான் இருக்கு.

வரி என்ன?

சி.ஏ. எழுதற பதிவுல இது இல்லாம எப்படி!

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கற பைக், வருமான வரிச் சட்டப்படி "சொந்த உபயோகப் பொருள்". அது மூலதனச் சொத்துல சேராது. அதனால லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. நல்ல செய்தி. ஆனா நஷ்டத்துக்கு வித்தா, அதை வேற எந்த வருமானத்துலயும் கழிக்கவும் முடியாது. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு மாதிரி சிலதுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்னு, "நாலு வண்டி வாங்கி, ரெடி பண்ணி வித்தா என்ன?"ன்னு இறங்கினா அது வியாபாரம். லாபம் வியாபார வருமானம், முழுசா வரி உண்டு. அப்புறம், விக்கறவர் ஒரே பரிவர்த்தனையில ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாது. தொகை எதுவா இருந்தாலும் பேங்க் வழியாவே கொடுங்க. நாளைக்குத் தகராறு வந்தா அதுதான் உங்க சாட்சி.

அப்போ கூடுதல் விலை கொடுக்கவே கூடாதா?

கொடுக்கலாம். நான் ஆசைக்கு எதிரி இல்ல. ஆனா விலையை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. "பேர், பழமை எதுவும் இல்லாம, வெறும் ஓடற வண்டியா இதுக்கு என்ன கொடுப்பேன்?" தம்பி சொன்னது 50,000. மிச்சம் 90,000 தான் கூடுதல். அது திரும்பி வராதுன்னு வெச்சுக்கிட்டு, அப்பவும் சந்தோஷமா கொடுக்க முடிஞ்சா கொடுங்க. டூர் போறதுக்குச் செலவு பண்றோம் இல்லையா, அந்தக் கணக்குல எழுதிக்குங்க. திரும்பி வந்தா போனஸ்.

வாங்கறதுக்கு முன்னாடி இவ்வளவாவது பாருங்க:

- இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியில நேர்ல பார்த்து ஆர்.சி.யோட ஒப்பிடுங்க. "பெயின்ட் அடிச்சு மறைஞ்சிடுச்சு" என்பதெல்லாம் பதில் இல்ல.
- பரிவாகன் தளத்துல ஆர்.சி. நடப்புல இருக்கா, கடன் பதிவு இருக்கா பாருங்க.
- விக்கறவர் பேரும் ஆர்.சி. பேரும் ஒண்ணா? நடுவுல மூணு கை மாறி, பேர் மாறாம இருந்தா தள்ளி நில்லுங்க.
- "ஒரிஜினல்" என்ற வார்த்தைக்குத்தான் நீங்க காசு கொடுக்கறீங்க. இந்த வண்டி தெரிஞ்ச பழைய மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

கடைசியா, அந்த எஃப்.டி. பற்றி

தம்பியும் நானும் வண்டியைப் பார்க்கப் போனோம், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். அழகான வண்டிதான். மெக்கானிக் அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு, இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போகலைன்னார். அதோட அது முடிஞ்சது. திரும்பி வரும்போது தம்பி பேசவே இல்ல.

ஆனா நம்பர் ஒத்துப்போயிருந்தாலும் நான் அந்த எஃப்.டி.யைத் தொட விட்டிருக்க மாட்டேன். 2021 அறிவிப்பு வந்தப்போ, ரெண்டு ஆலையிலயும் சேர்த்து சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவாங்கன்னு கம்பெனியே சொல்லுச்சு. அதை நம்பி இருந்த சின்னக் கம்பெனிகள், வேன் ஓட்டினவங்க, மெஸ் நடத்தினவங்க அந்த எண்ணிக்கையில இல்ல. 2025 அக்டோபர்ல அதே ஆலைக்கு 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, இன்ஜின் தயாரிக்க. சந்தோஷம். ஆனா உற்பத்தி 2029லதான். நடுவுல இருக்கற வருஷங்களுக்கு வீட்டு வாடகையை யார் கட்டுவா? இந்த ஊர்ல உதிரிபாகக் கம்பெனியில வேலை பார்க்கற பையனுக்கு ஆறு மாசச் செலவுப் பணம் கையில இருக்கறது எவ்வளவு முக்கியம்னு எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

இப்போ தம்பி தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சிருக்கான், மாசம் 5,000. பாஸ்புக் கவர்ல "அப்பா வண்டி"ன்னு எழுதி வெச்சிருக்கான். ரெண்டு வருஷத்துல வட்டியோட 1,29,000 பக்கம் வரும். அப்பவும் ஆசை அப்படியே இருந்தா, நம்பர் ஒத்துப்போற வண்டியா பார்த்து நானே கூடப் போய் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். நீங்க தேடிக்கிட்டிருக்கற "நின்னு போன" பொருள் எது, என்ன விலை சொல்றாங்கன்னு கமென்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல அதையே எடுத்துக் கணக்குப் போடலாம்.