காய்கறியில் நஞ்சா? சிறிய அட்டை சொல்வதும் சொல்லாததும்



ஜாசின், மெர்லிமாவ், ஆலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'மருந்தடிப்பது' என்ற பேச்சு புதிதல்ல. விடியற்காலையில் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிரைக்குப் போன நம் தாய்மார்கள் அதை மருந்து என்றுதான் சொன்னார்கள். அதே புட்டியை மலாய் மொழியில் 'ராச்சுன்' என்கிறார்கள். ராச்சுன் என்றால் நஞ்சு. நாம் வைத்த பெயர் பயத்தைக் குறைத்தது; மலாய்ப் பெயர் உண்மையைச் சொல்கிறது.

அந்த நஞ்சு காய்கறியோடு நம் அடுப்படிக்கும் வருகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் துல்லியமான விடை கிடைக்கும். ஆனால் அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், நேரமும் வேண்டும். காலையில் சந்தைக்கு வந்த கங்கோங் கீரை மாலைக்குள் சமைத்து முடிந்துவிடும். ஆய்வு முடிவு வரும்போது கீரை நம் வயிற்றில் இருக்கும். இதனால்தான் சில வெள்ளி செலவில், சில நிமிடத்தில் விடை தரும் எளிய சோதனைகள் பிறந்தன.

நரம்பைத் தாக்கும் நஞ்சு

நம் நரம்புகளில் பல கட்டளைகள் ஒரு இரசாயனத்தின் மூலம் கடத்தப்படுகின்றன. வேலை முடிந்ததும் அந்த இரசாயனத்தைத் துடைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி சாகிறது. மனிதனுக்கும் அதே நொதிதான். அளவு மிஞ்சினால் வியர்வை பெருகும், எச்சில் ஊறும், மூச்சுத் திணறும். 2013ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்களே, அந்த உணவில் கலந்திருந்த மோனோகுரோட்டோபாஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பூச்சியைக் கொல்லும் வழியையே விஞ்ஞானிகள் சோதனையாக மாற்றினார்கள். தைவான் விவசாய ஆராய்ச்சி நிலையம் 1985இல் வீட்டு ஈயிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்துக் காய்கறிச் சாற்றைச் சோதிக்கும் முறையை உருவாக்கியது. நொதி வழக்கம்போல வேலை செய்தால் நல்லது. அது முடங்கிப்போனால் சாற்றில் நஞ்சு இருக்கலாம். அங்கே இந்தச் சோதனை மொத்தச் சந்தைகளுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் பரவியது. தாய்லாந்திலும் சுகாதார அமைச்சின் மருத்துவ அறிவியல் துறை இதே அடிப்படையில் ஒரு சோதனைப் பெட்டியை உருவாக்கியது.

சீனா 2003இல் வெளியிட்ட தேசியத் தர விதியில் இந்தச் சோதனை ஒரு சிறிய அட்டைக்குள் அடங்கிவிட்டது. 5 கிராம் காய்கறியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 10 மில்லிலிட்டர் கரைசலில் போட்டுக் குலுக்க வேண்டும். சில துளிகளை அட்டையின் வெள்ளை வட்டத்தில் விட்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு அட்டையை மடித்து, வெள்ளை வட்டமும் சிவப்பு வட்டமும் ஒட்டியபடி 3 நிமிடம் உடல் சூட்டில் பிடிக்க வேண்டும். வெள்ளை வட்டம் நீலமானால் நொதி உயிரோடு இருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் எச்சரிக்கை.

நீலம் வந்தால் நிம்மதியா?

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். நீலம் என்றால் 'நஞ்சே இல்லை' என்று பொருளல்ல. 'அந்த இரண்டு வகை நஞ்சு அதிக அளவில் இல்லை' என்பதே பொருள். பைரித்ராய்டு பூச்சிக்கொல்லிகள், பூஞ்சைக்கொல்லிகள், களைக்கொல்லிகள் எதையும் இந்த அட்டை கண்டுகொள்ளாது. நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியும் இதில் தெரியாது. மாலத்தியோன் போன்ற சில ஆர்கனோபாஸ்பேட்டுகளைக்கூட, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் இருந்தால்தான் அட்டை காட்டும். ஆனால் மலேசிய உணவு விதிமுறைகள் 1985, தனி அளவு குறிக்கப்படாத எச்சங்களுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. இடைவெளி எவ்வளவு பெரிது பாருங்கள்!

எதிர்ப்பக்கமும் உண்டு. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, காளான், தக்காளி ஆகியவற்றின் சாறு இயல்பாகவே நொதியைக் கொஞ்சம் தடுக்கும். மருந்தே அடிக்காத முள்ளங்கியும் தவறு செய்தது போலத் தோன்றும். அட்டையை மட்டும் நம்பி ஒரு சிறு விவசாயியின் மீது பழி போட்டால் அவர் பிழைப்பு என்ன ஆவது?

ஆகவே இந்த அட்டை வாசலில் நிற்கும் காவலாளி. தீர்ப்பு சொல்லும் நீதிபதி அல்ல. காவலாளி சந்தேகப்பட்ட சரக்கை நிறுத்தி வைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். அந்த ஆய்வின் சுமையும் குறைந்திருக்கிறது. 2003இல் வெளியான குவெச்சர்ஸ் என்னும் முறையில், கொஞ்சம் காய்கறி விழுதையும் ஒரு கரைப்பானையும் உப்புகளையும் குழாயில் குலுக்கியே மாதிரியைத் தயார் செய்கிறார்கள். பிறகு கருவி ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான நஞ்சுகளைத் தேடுகிறது.

எங்கே சோதிப்பது?

வீட்டுக்கு வீடு அட்டை வாங்குவதைவிட, சரக்கு வந்து இறங்கும் மொத்தச் சந்தையில் சோதிப்பதே பலன் தரும். கேமரன் மலையிலிருந்து வரும் ஒரு லோரி கோஸ் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். கடைகளுக்கும் இரவுச் சந்தைகளுக்கும் பிரிந்த பிறகு யார் தேடுவது? குடியிருப்பாளர் சங்கங்களும் பயனீட்டாளர் சங்கங்களும் இதைக் கேட்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள். சவர்க்காரம் வேண்டாம். ஆனால் செடிக்குள் ஊடுருவிய நஞ்சு கழுவினால் போகாது. அது குறைய முக்கிய வழி, மருந்தடித்த பிறகு லேபிளில் சொன்ன நாட்கள் கழிந்து அறுவடை செய்வதுதான். வீட்டுத் தோட்டத்தில் பயத்தங்காயும் மிளகாயும் போட்டிருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக ஒன்று. இந்த அட்டை சோதிக்கும் நொதியின் இனத்தைத்தான், மருந்தடிப்பவரின் இரத்தத்தில் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். நம் தட்டுக்கு வருவது எச்சம். முதல் பங்கு பம்பைச் சுமப்பவருக்குப் போகிறது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் பாதிப்பைப் பற்றி தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையே வெளியிட்டது. "இந்தக் காய்கறி சோதிக்கப்பட்டதா?" என்று நாம் கடையில் கேட்கும் கேள்வி மேலே ஏறி ஏறி விளைநிலம்வரை போகும். அங்கே ஒரு பம்பு குறைந்தால், நம் பிள்ளைகளோடு அதைச் சுமப்பவரும் பிழைப்பார். கேட்கத் தயங்காதீர்கள்.