போர்ச் சபையில் புரோகிதர்

மண்டூர் முருகன் திருவிழாவிற்குக் குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து செல்வோர் ஓர் அரிய வழக்கத்தைக் கண்டிருப்பர். அங்கே பூசை செய்யும் கப்புகனார் தம் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திர ஒலி எதுவுமின்றி வழிபாட்டை நிகழ்த்துவார். பேசாத பூசகரைக் கண்டு பழகியவர்கள் மட்டக்களப்பு மக்கள். ஆனால், அரசன் அருகே அமர்ந்து, போர் தொடுக்கலாமா, சமாதானம் பேசலாமா என்று ஆலோசனை கூறிய பூசகர்களும் பாரத நாட்டில் வாழ்ந்திருக்கின்றனர்.

இராஜபுத்திர அரசர்களின் குலப் புரோகிதர்களே இவர்களுட் பெயர் பெற்றவர்கள். முடிசூட்டு விழாவில் திலகமிடுவது முதல் பகையரசனிடம் தூது செல்வது வரை அவர்கள் கடமையாக இருந்தது. அரசன் தம்பியை நம்பமாட்டான். தம்பிக்கு அரியணை மீது கண் இருக்கும். சிற்றரசனையும் நம்பமாட்டான். புரோகிதனோ அரியணைக்கு உரிமை கோர முடியாதவன். மேலும், அந்தணனைக் கொல்வது பெரும் பாவம் என்ற எண்ணம் தூது போகிறவனுக்கு ஒரு கவசம். இந்த நம்பிக்கைக்கு ஈடாக வரியில்லா ஊர்கள் அவர்களுக்கு மானியமாகக் கிடைத்தன.

மேவார் நாட்டுக் கதை ஒன்றை ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட் 1829இல் வெளியிட்ட தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். இராணா பிரதாப சிங்கரும் தம்பி சக்தி சிங்கரும் ஒருவரையொருவர் கொல்ல ஈட்டியுடன் எதிர்நின்றனராம். குலப் புரோகிதர் இடையிற் புகுந்து மன்றாடினார்; இருவரும் செவிசாய்க்கவில்லை. உடனே அவர் தம் குறுவாளைத் தம் மார்பிலேயே பாய்ச்சிக்கொண்டு இருவருக்குமிடையே வீழ்ந்தார். சண்டை நின்றது. தம்பி நாடு கடத்தப்பட்டார். புரோகிதரின் மகனுக்கு நிலம் மானியமாயிற்று. கதையில் மிகை இருக்கலாம். ஆயினும், புரோகிதரிடம் அந்நாடு எதை எதிர்பார்த்தது என்பதை இது நன்கு காட்டுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் இல்லாமலா இருந்தது? முதலாம் இராஜராஜ சோழனின் சேனாபதிகளுள் ஒருவரான கிருஷ்ணன் இராமன் என்னும் பிரமராயர் அந்தணரே. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை மன்னன் ஆணைப்படி எடுப்பித்தவரும் அவர்தாம்.

படை நடத்தாமலே போரிற் பங்குகொண்டவரும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாண்டிய அரசுரிமைக்காக நடந்த போரில், பொலநறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் தமிழகத்திற் புகுந்தான். கலங்கிய சோழ நாட்டுத் தலைவர் எதிரிலிசோழச் சம்புவராயர், உமாபதி தேவர் என்னும் சைவ ஞானியிடம் சென்று முறையிட்டார். அவர் 28 நாட்கள் சிவபூசை செய்தார். பின்னர், பகைவர் ஓடினர் என்ற செய்தி போர்க்களத்திலிருந்து வந்தது. அதற்குக் காணிக்கையாகச் சம்புவராயர் ஊரொன்றை அவருக்கு வழங்கினார். காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டுச் சொல்வது இது. ஈழத்துச் சூளவம்சத்தைப் புரட்டினாலோ, அதே போரில் இலங்காபுரனே வெற்றி வாகை சூடுகிறான்! ஒன்று பூசைக்குக் கொடுத்த மானியத்தின் சாசனம். மற்றொன்று பௌத்த பிக்குகள் எழுதிய வரலாறு. இரு கரையிலும் போரின் கதையைப் பாதுகாத்தவர்கள் சமயத்தாரே என்பது மாணவர்கள் மனங்கொள்ள வேண்டியது.

புரோகித அமைச்சர் என்றதும் தமிழர் நினைவிற்கு முதலில் வரவேண்டியவர் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அச்சுதப்பர், இரகுநாதர் என்னும் இரு மன்னர்களுக்கும் அவரே குரு, அவரே மந்திரி. அச்சுதப்பர் முதுமையில் அவரைக் கலந்தே மகனுக்கு முடிசூட்டினார். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சூழ்ந்துள்ள 16 மண்டபங்களும் தீட்சிதர் திருப்பணி என்பர். பட்டீசுவரம் கோயிலில் அவர் தம் மனைவியுடன் சிலையாக நிற்கிறார். 72 மேளகர்த்தா முறையை வகுத்த வேங்கடமகி அவருடைய மகனே. மக்கள் அவரை ‘ஐயன்’ என்றே அழைத்தனர். தஞ்சையில் ஐயன் கடைத்தெரு என்ற பெயர் அதனால் வந்தது.

அந்தத் தஞ்சை அரசின் கை ஈழத்திற்கும் நீண்டது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிச் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தனர். இரகுநாதரின் படைகள் கடல் கடந்து வந்து பறங்கியருடன் பொருதன. தீட்சிதரின் மற்றொரு மகன் யக்ஞநாராயணர் வடமொழியில் இயற்றிய ‘சாகித்திய இரத்தினாகரம்’ இப்படையெடுப்பைப் பெரும் வெற்றியாகப் பாடுகிறது. அமைச்சரின் மகன் அரசனைப் பாடுகையில் வேறு எப்படிப் பாடுவார்? யாழ்ப்பாணத்தில் நடந்ததோ வேறு. தஞ்சைப் படைகள் முறியடிக்கப்பட்டன. சங்கிலி குமாரன் கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொலையுண்டான். நல்லூர் அரசு பின்னர் எழவேயில்லை.