தேய்ந்துவரும் குத்தகை

விலை கொடுத்து வாங்கிய வீடு தமக்கும் தம் மக்களுக்கும் என்றும் உரியதென்று எண்ணுவது மனித இயல்பு. இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடர்மாடி வீடு வாங்குவோர் இவ்வெண்ணத்தைச் சற்றே ஆராய்தல் நன்று. அங்கே இத்தகைய வீடுகளுட் பெரும்பாலானவை குத்தகை உரிமையாகவே விற்கப்படுகின்றன. நிலமும் கட்டடமும் வேறொருவருக்குச் சொந்தமாயிருக்க, வாங்குபவர் பெறுவது குறித்த சில ஆண்டுகளுக்கு அவ்வீட்டை அனுபவிக்கும் உரிமையே. ஆகவே, அவர் பணம் கொடுத்து வாங்குவது சுவரையும் கூரையையும் அன்று, காலத்தையே வாங்குகிறார்.

குத்தகைக் காலம் பெரும்பாலும் 99 அல்லது 125 ஆண்டுகளாக இருக்கும்; 999 ஆண்டுகளாக அமைவதும் உண்டு. 99 என்பது தொடக்கத்திற் பெரிய எண்ணாகவே தோன்றும். ஆயினும், 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய அத்தகைய குத்தகையில் 2024 ஆம் ஆண்டு 80 ஆண்டுகளே எஞ்சின. காலம் குறையக் குறைய வீட்டின் பெறுமதியும் குறையும். எஞ்சிய காலம் மிகக் குறுகிவிட்டால், அவ்வீட்டை ஈடாகக் கொண்டு கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். கடன் கிடைக்காதவிடத்து வாங்குவோரும் அரியராவர். முதுமையிலே வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்கு அருகே சென்று வாழ எண்ணும் ஒருவர், அந்த வேளையிலேதான் தம் கையிலுள்ள பொருள் தேய்ந்துவிட்டதை அறிந்து திகைப்பதுண்டு. இலங்கையிலிருந்து சென்று இலண்டனிற் குடியேறியோருக்கும் இது புறம்பான செய்தி அன்று.

இந்நிலைக்குப் பரிகாரமாக வந்ததே 1993 ஆம் ஆண்டுச் சட்டம். தொடர்மாடி வீட்டின் குத்தகைக்காரர், எஞ்சிய காலத்தோடு மேலும் 90 ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ள அது உரிமை அளித்தது. நிலவுரிமையாளருக்கு ஆண்டுதோறும் செலுத்திவந்த நிலவாடகையும் அதன்பின் ஒரு மிளகுமணியாகச் சுருங்கிவிடும். ஒரு மிளகுமணி வாடகை என்பது வாடகையே இல்லை என்பதற்கு ஆங்கிலச் சட்டத்திலுள்ள பழைய வழக்கு. இவற்றுக்கு ஈடாக, குத்தகைக்காரர் நிலவுரிமையாளருக்கு ஒரு தொகை செலுத்துதல் வேண்டும்.

அத்தொகையைக் கணிக்கும் முறையிலேதான் சூட்சுமம் இருக்கின்றது. நிலவுரிமையாளர் இழக்கும் வாடகைக்கும், வீடு அவரிடம் மீளும் நாள் தள்ளிப்போவதற்கும் நட்டஈடு உண்டு. இவற்றோடு, காலம் நீடிக்கப்பட்டதனால் வீட்டின் பெறுமதியில் விளையும் மிகையிலும் அவருக்குச் சரிபாதி உண்டு. இரு உரிமைகள் ஒன்றுசேர்வதாற் பிறப்பதால் இம்மிகையை மணப் பெறுமதி என்று ஆங்கிலேயர் வழங்குவர். ஆனால், எஞ்சிய காலம் 80 ஆண்டுகளுக்கு மேற்பட்டிருந்தால் இப்பங்கு அறவே இல்லை.

எடுத்துக்காட்டாக, நீடித்த குத்தகையுடன் 330,000 பவுண் பெறும் வீடொன்று, 79 ஆண்டுகளே எஞ்சிய நிலையில் 300,000 பவுண் பெறுவதாகவும், அதன் நிலவாடகை ஆண்டுக்கு 100 பவுண் எனவும் கொள்வோம். நட்டஈடு ஏறத்தாழ 8,400 பவுண் ஆகும். மிகையின் பாதி 10,800 பவுண் ஆகும். மொத்தம் 19,200 பவுண். இரண்டு ஆண்டுகள் முந்தி, 81 ஆண்டுகள் எஞ்சியிருந்தபோது முயன்றிருப்பின், 8,000 பவுணுக்குட் கருமம் முடிந்திருக்கும்.

குத்தகைக்காரர் செய்யவேண்டியது யாது? தாம் கொடுக்க முன்வரும் தொகையைக் குறித்து நிலவுரிமையாளருக்குச் சட்டமுறையான அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். மறுமொழிக்கு இரண்டு மாதமேனும் தவணை அளிக்கப்படும். தொகையில் இணக்கம் ஏற்படாவிடின், மறுமொழி கிடைத்து ஆறு மாதங்களுக்குள் ஆதன வழக்குகளை விசாரிக்கும் நியாயசபையை நாடவேண்டும். அறிவித்தல் கொடுத்த நாளையே கணிப்புக்குரிய நாளாகச் சட்டம் கொள்கின்றது. எனவே, பேச்சு மாதக்கணக்கில் நீண்டாலும் அந்த நாளின் கணக்கு மாறாது. அறிவித்தலின்றி வாய்ப்பேச்சிலே காலம் போக்குவோர்க்கு இப்பாதுகாப்பு இல்லை.

2024 ஆம் ஆண்டிலே நிறைவேறிய புதிய சட்டம் 990 ஆண்டு நீடிப்பையும், மணப் பெறுமதியின் ஒழிப்பையும் வகுத்தது. வீட்டுக்கு உரியவராகி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமென்ற பழைய விதி 2025 சனவரி 31 ஆம் நாள் நீங்கிற்று. எனினும், சட்டம் நிறைவேறிய அன்றே அதன் பிரிவுகள் யாவும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. ஆதலால், எந்தப் பிரிவு நடைமுறையில் உள்ளதென்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பின்னரே, காத்திருப்பதா முந்துவதா என்பதைத் துணிதல் வேண்டும்.

எவ்வாறாயினும் முதற் கடமை எளியது. பெட்டியிலே பூட்டிவைத்த உறுதியை வெளியே எடுத்து, எஞ்சிய ஆண்டுகளை எண்ணிப் பார்த்தலே அது. சுவரில் வெடிப்பு விழுந்தாற் கண்ணுக்குப் புலனாகும். குத்தகை தேய்வதோ எண்ணிப் பார்ப்பவருக்கு மட்டுமே புலனாகும்.