உஷார்! கஞ்சாவை மறக்கடிக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை

‘சிகரெட், கஞ்சா இரண்டுக்கும் ஒரே பொடி. அவருக்கே தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்தால் போதும்.’ பஸ் ஸ்டாண்ட் சுவரிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் போன் போடாதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள். கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுவரை ஒரு மருந்தைக்கூட அங்கீகரித்ததில்லை. அங்கேயே தேறாத ஒன்று, பெயர் ஒட்டாத டப்பாவில் உங்கள் வீட்டுக்கு எப்படி வரும்?

சிகரெட் விஷயம் வேறு. நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச், புப்ரோபியான், வெரினிக்லின் என்று சோதனையில் தேறிய மருந்துகள் அதற்கு உண்டு. அவை கஞ்சாவுக்கும் உதவுமா என்றுதான் இப்போது ஆராய்கிறார்கள். பீடித்தூளோடு கஞ்சாவைக் கலந்து சுருட்டுகிறவர்களுக்கு ஒன்றை விட்டால் மற்றது இழுக்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரே மருந்து என்ற ஆசை நியாயமானதே. தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கஞ்சாப் பழக்கம் உள்ளவர்களுக்கு 12 வாரம் வெரினிக்லின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களிடம் பழக்கம் குறைந்தது; பெண்களிடம் பலன் தெரியவில்லை. நல்ல தொடக்கம்தான். ஆனால் ‘ஆராய்ச்சியில் இருக்கிறது’ என்பதை ‘கடையில் இருக்கிறது’ என்று திரித்துச் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

ரிமோனபான்ட் கதையைக் கேட்டால் அவசரத்தின் விலை புரியும். மூளையில் கஞ்சா போய்ப் பொருந்தும் பூட்டுக்குள் முந்திக்கொண்டு நுழைந்து அடைத்துக்கொள்ளும் மருந்து அது. 2001-ல் வெளிவந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டுவிட்டுக் கஞ்சா புகைத்தவர்களுக்குக் கிறக்கம் குறைந்தது. சிகரெட்டை நிறுத்தவும் சோதித்தார்கள். உடல் எடையும் குறையவே, 2006-ல் ஐரோப்பா அதை எடைக் குறைப்பு மருந்தாக அனுமதித்தது. அதே ஆண்டில் எஃப்.டி.ஏ. சிகரெட்டை நிறுத்தும் மருந்தாக அதை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு அதன் நிபுணர் குழு எடைக் குறைப்புக்கும் வேண்டாம் என்றது. காரணம், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். நம் உடம்பே சுரக்கும் ரசாயனங்களுக்கும் அதே பூட்டுதான். அதை அடைத்தால் போதையோடு நிம்மதியும் போய்விடுகிறது. 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் தடை வந்ததோ 2009 டிசம்பரில். வெளிநாட்டில் கைவிட்ட மருந்து இங்கே ஓராண்டுக்கு மேல் சட்டப்படியே இருந்திருக்கிறது.

இதைக் கேட்டு எல்லா மருந்துக்கும் பயப்படவும் கூடாது. வெரினிக்லின் மேலும் இதே பழி விழுந்தது, 2009-ல் எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்ட எச்சரிக்கையே போடவைத்தது. பிறகு 8,000 பேருக்கு மேல் வைத்து நடந்த பெரிய ஆய்வில் அந்த அச்சம் உறுதிப்படவில்லை. 2016-ல் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். புப்ரோபியான் வலிப்பு நோயாளிக்கு ஆகவே ஆகாது. ஆகவே டாக்டர் சீட்டு அவசியம்.

பலருக்கும் தெரியாத ஆபத்து இன்னொன்று. மருந்தே இல்லாமல் புகையை நிறுத்தினாலும் இது வரும். புகையிலுள்ள தார் கல்லீரலை உசுப்பி, சில மருந்துகளை வேகமாகக் கரைக்க வைக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின், ஓலன்சபின், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் (டெரிஃபிலின் மாத்திரையில் இருப்பது) எல்லாம் இந்த வகை. தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவருக்கு டாக்டர் அதற்கேற்பக் கூட்டியே எழுதியிருப்பார். ஒரு நாள் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதே மாத்திரை, அதே அளவு. ரத்தத்தில் மட்டும் ஒரு வாரத்துக்குள் ஏறிக்கொண்டே போகும். க்ளோசபின் ஏறினால் அளவுகடந்த தூக்கம், எச்சில் வடிதல், முற்றினால் வலிப்பு. தியோஃபிலின் ஏறினால் வாந்தி, படபடப்பு, அதிலும் வலிப்பு வரலாம். ‘பழக்கத்தை விட்டதால் வருகிற அவஸ்தை’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அங்கேதான் உயிருக்கு உலை. புகைத்த கஞ்சாவை நிறுத்தினாலும் இதே சிக்கல் வரலாம். பேட்ச் ஒட்டியிருந்தாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் காரணம் நிக்கோட்டின் அல்ல, புகை. காபியும் இந்தக் கணக்கில் சேரும். சிகரெட் காலத்தில் குடித்த அதே நாலு டம்ளர், விட்ட பிறகு கை நடுக்கமும் தூக்கமின்மையுமாகத் திரும்பி வரும். பாதியாகக் குறையுங்கள்.

மறைத்துக் கலப்பது பற்றி ஒரு வார்த்தை. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராமைச் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுத்து, அவர் தெரியாமல் சாராயம் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பொடிக்காரர் டப்பாவில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியுமோ என்னவோ!

ஆராய்ச்சியில் சேர யாராவது அழைத்தால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது 2009 முதல் கட்டாயம். எண் சொல்லத் தயங்கினாலோ, உங்களிடமே காசு கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

போலீஸ் பயத்தில்தான் பலர் கஞ்சாவை டாக்டரிடம் மறைக்கிறார்கள். சிறிதளவு கஞ்சாவோடு பிடிபட்டவரே ஆனாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி இருக்கிறது. புகையிலைக்கு 1800-11-2356, போதைப்பொருளுக்கு 14446, இரண்டுமே இலவசம். பேசுங்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். நிறுத்தப்போகும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.