வீடியோ கேம் துறையில் மேற்படிப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



"பையன் டிகிரி முடிச்சிட்டான் ஹஜ்ரத். அடுத்து கேம் டெவலப்மென்ட் படிக்கணும்கிறான். லட்சக்கணக்குல ஃபீஸ் சொல்றாங்க. இது கூடுமா?" மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பெற்றோரிடம் இருந்து இப்போது வரும் கேள்வி இது. டிப்ளமோ முடித்தால் கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்று பழகிய ஊர்களில் இந்தத் தயக்கம் இயல்பானதே.

விளையாடுவது வேறு, விளையாட்டை உருவாக்குவது வேறு. புரோகிராம் எழுதுதல், காட்சிகளை வடிவமைத்தல், கதை அமைத்தல், ஒலி சேர்த்தல், பிழை கண்டறிதல் எனப் பலரின் உழைப்பு அதில் இருக்கிறது. இவற்றை இணைக்கும் மென்பொருளை கேம் இன்ஜின் என்பார்கள். இது கேமோடு நிற்பதில்லை. நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய், 2022 ஜனவரியில் யூனிட்டி என்ற கேம் இன்ஜின் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. சிங்கப்பூரில் அப்போது அமையவிருந்த தன் தொழிற்சாலையின் அச்சு அசலான மாதிரியைக் கணினிக்குள் உருவாக்குவதே அதன் நோக்கம். ஆக, இந்தத் திறமைக்குத் தொழிற்சாலையிலும் இடம் உண்டு.

மார்க்க அடிப்படையில் பார்த்தால், எதை உருவாக்குகிறோம் என்பதே முதல் கேள்வி. சூதாட்டத்தை விட்டு விலகச் சொல்கிறது சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம். பணம் கட்டி ஆடும் ரம்மி போன்ற செயலிகளை உருவாக்கித் தருவது அதற்குத் துணை போவதாகும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதை நம்பியிருந்த நிறுவனங்கள் பலரை வேலையிலிருந்து நீக்கின. ஆபாசமும் ஈமானுக்கு ஊறு செய்யும் காட்சிகளும் கூடாது. உருவம் வரைதல், இசை ஆகியவற்றில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் படிப்பில் சேரும் முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நல்லதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஃபலஸ்தீனைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா, 2014 காஸா போரில் ஒரு குடும்பம் படும் பாட்டை 'லைலா அண்ட் தி ஷேடோஸ் ஆஃப் வார்' என்ற சிறிய கேமாக 2016இல் வெளியிட்டார். இது விளையாட்டே அல்ல என்று முதலில் மறுத்த ஆப்பிள் நிறுவனம், எதிர்ப்பு எழுந்த பின் ஏற்றுக்கொண்டது. ஈரானின் மஹ்தி பஹ்ராமி, பள்ளிவாசல் சுவர்களில் காணும் வடிவியல் கோலங்களை வைத்து 'எங்காரே'யை 2017இல் உருவாக்கினார். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா' 2023இல் வெளியாகி, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

சரி, எங்கே படிப்பது? தேசிய வடிவமைப்பு நிறுவனம் பெங்களூரில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலைப் படிப்பை நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஐ.ஐ.டி.களின் எம்.டெஸ். வடிவமைப்புப் படிப்புகளுக்கு ஜனவரியில் நடக்கும் 'சீட்' தேர்வு எழுத வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் போதும் என்பதால் பி.ஏ., பி.காம். படித்தவர்களும் இதை எழுதலாம். வெளிநாட்டில், ஸ்காட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகம் 1997 முதலே கம்ப்யூட்டர் கேம் பட்டப்படிப்பு நடத்தி வருகிறது.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தத் துறையில் பட்டத்தைவிட, செய்து முடித்த வேலையைத்தான் முதலில் கேட்பார்கள். வேலையும் நிலையானது என்று சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் மட்டும் 1,900 பேரை நீக்கியது. எனவே நகையை அடகு வைத்தோ வட்டிக் கடன் வாங்கியோ சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். கோடோ, பிளெண்டர் இரண்டும் இலவச மென்பொருள்கள். வீட்டுக் கணினியிலேயே பழகலாம். அந்த ஓராண்டில் இரண்டு சிறிய கேம்களையாவது முழுமையாக முடிக்கட்டும். முடித்தால் ஆர்வம் உண்மையானது. முடிக்காவிட்டால், உங்கள் லட்சங்கள் தப்பித்தன. மகள் கேட்டாலும் இதே அளவுகோல்தான்.

அதன் பிறகு கல்லூரிக்குச் சென்று கேளுங்கள்: இது யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டமா, வெறும் சான்றிதழா? பாடம் நடத்துபவர் கேம் வெளியிட்டவரா? சென்ற ஆண்டு மாணவர்கள் செய்ததைக் காட்ட முடியுமா? படித்து முடித்த மூவரிடமாவது நேரில் பேசுங்கள். விளம்பரப் பலகையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மஷ்வரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத் உள்ளதாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.