அடைபடாத வாயில்

காலரா நோயை உண்டாக்கும் 'விப்ரியோ காலரே' என்னும் நுண்ணுயிர் குடற்சுவரைத் துளைப்பதில்லை. பொதுவாகக் குருதியிலும் கலப்பதில்லை. சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது; அவ்வளவே. ஆயினும், கடுமையாகத் தாக்குண்டவர் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மடிவதும் உண்டு. வெறுமனே ஒட்டியிருக்கும் உயிரி இத்துணைக் கேட்டை எவ்வாறு விளைவிக்கிறது?

1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்நுண்ணுயிரைப் பிரித்தெடுத்த இராபர்ட் காக், அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது எனக் கருதினார். அக்கருத்தை மெய்ப்பிக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அதே நகரில் சம்பு நாத் தே என்னும் நோயியல் அறிஞர், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டினார். நுண்ணுயிர் வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, உயிரி ஒன்றுகூட இல்லாத வடிநீரை மட்டும் அதனுள் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது! 1959இல் 'நேச்சர்' இதழில் இம்முடிவு வெளிவந்தது. எளிய கருவிகளால் நிகழ்ந்த இவ்வரிய ஆய்வுக்குரிய பாராட்டு அவரை மிகத் தாமதமாகவே வந்தடைந்தது.

அந்நஞ்சு ஒரு புரதம். அதன் ஐந்து துணையலகுகள் வளையமாக அமைந்து, குடல் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஜி.எம்.1 என்னும் கொழுப்புப்பொருளைப் பற்றுகின்றன. ஆறாவது அலகின் ஒரு பகுதி உள்ளே நுழைகிறது. உயிரணுவினுள் விசைபோல் இயங்கும் 'ஜி' புரதம் ஒன்று உண்டு. தேவையானபோது இயங்கித் தானே அணைவது அதன் இயல்பு. நஞ்சு அதனை வேதிமாற்றம் செய்து, அணைய முடியாதபடி ஆக்குகிறது. போட்ட விசையை ஒடித்துவிட்டாற்போன்றது இது. விளைவாக, வளைய ஏ.எம்.பி. என்னும் செய்தி மூலக்கூறு மிகுகிறது. குளோரைடு அயனிகள் குடலுக்குள் பாய்கின்றன. சோடியமும் நீரும் அவற்றைத் தொடர்கின்றன.

இந்நஞ்சுக்கான மரபணு அந்நுண்ணுயிரின் பிறவிச் சொத்துமன்று. பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரசு ஒன்று கொண்டுவந்து சேர்த்தது என்பதை 1996இல் வால்டோரும் மெகலனோசும் கண்டறிந்தனர்.

நஞ்சால் அடைக்க முடியாத வாயில் ஒன்று குடலில் உண்டு. குளுக்கோசும் சோடியமும் இணைந்து உயிரணுவினுள் புகுவதற்கெனத் தனிப் புரதம் இருக்கிறது. காலரா தாக்கியபோதும் அது செயலிழப்பதில்லை. அவ்விரண்டும் உள்ளே செல்ல, நீரும் உடன் செல்கிறது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் பயனில்லை. சர்க்கரையும் சேரவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையோர நகரான பாங்கானின் ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலையில், திலீப் மகாலனபீஸ் என்னும் மருத்துவர் குளுக்கோசும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பருகக் கொடுக்கத் துணிந்தார். பீப்பாய்களில் கரைத்து வைத்த அந்நீரை நோயாளிகளின் உறவினரே குவளைகளில் முகந்து புகட்டினர். முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு, நான்கு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.