கண்ணில் கீறலா? முதல் 18 மணி நேரம் முக்கியம்

கதிர் அறுக்கும்போது தாளின் நுனி கண்ணில் கீறிவிட்டால் யாரும் உடனே மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. உறுத்தும், நீர் வடியும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார்கள். பல கண்களின் கதி அந்த இரவிலேயே முடிவாகிவிடுகிறது.

கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான பாக்டீரியாக்களால் உள்ளே நுழைய முடியாது. கீறல் அவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. ஒளி தடையில்லாமல் புக வேண்டும் என்பதால் கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள் அங்கே வந்துசேரத் தாமதமாகும். அதற்குள் கிருமி பெருகிப் புண்ணாகிவிடும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வது பல நேரம் இந்தத் தழும்பைத்தான்.

1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூவரில் இருவருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. பாக்டீரியாவால் வந்த புண்ணும் பூஞ்சையால் வந்த புண்ணும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. வெறும் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம்; மருந்தோ முற்றிலும் வேறு. அதனால்தான் மருத்துவர் மரப்பு மருந்து விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். பாக்டீரியா என்றால் மாக்சிஃப்ளாக்சசின் போன்ற சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் இரவிலும் விடாமல் மணிக்கொரு முறை விட வேண்டியிருக்கும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான் பெரிய ஆபத்து. சிவப்பு குறையும், குணமானதுபோல் தோன்றும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். பாக்டீரியாப் புண்ணுக்கு மருத்துவர் மேற்பார்வையிலேயே ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 500 பேர் பங்கேற்ற அதில், மூன்று மாத முடிவில் ஒட்டுமொத்தமாகப் பார்வையில் கூடுதல் பலன் தெரியவில்லை.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் இல்லாமலே ஆறிவிடும். ஆனால் கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கீறல் புண்ணாகாமல் தடுக்க முடியும் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூர் சான்று. அங்கே 1990களின் தொடக்கத்தில், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் கருவிழிக் கீறல் பட்ட 442 பேருக்குக் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறையாக மூன்று நாள் கொடுத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் களிம்பு கிடைத்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது.

களிம்பு விலை மலிவு. போடுவதற்கு மருத்துவர்தான் வேண்டும் என்பதும் இல்லை. அறுவடைக் காலத்திலாவது நம் கிராம சுகாதார செவிலியர்களுக்கு இந்தப் பயிற்சியையும் களிம்பையும் அரசு கொடுக்க வேண்டும்.